"நான் எதுவும் எழுதலையே" என்னும் மகனிடம் என்ன பேசுவது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களுக்குத் தெரியாமல் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். வேறு எதற்கோ அவன் கைபேசியை வாங்கியபோது அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பையன் பாடம் வாசித்ததை யாரோ ரகசியமாகப் பதிவு செய்து, அவன் திக்கிய இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, இசையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவன் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். "நாளைக்கு எத்தனை தடவை திக்குவான்" என்று வாக்கெடுப்பு வேறு. அவன் குழுவிலிருந்து வெளியேறினால் மறுபடியும் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு வாரமாக அந்தப் பையன் பள்ளிக்கே வரவில்லையாம். என் மகன் கேலியாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனால் சிரிப்புக் குறி போட்டிருக்கிறான், வாக்கும் போட்டிருக்கிறான், அந்தப் பதிவை விளையாட்டு நண்பர்களின் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறான். கேட்டால், "நான் எதுவும் எழுதலையேம்மா, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்" என்று அழுகிறான். என் கணவரோ, போனைப் பிடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதோடு விட்டுவிடலாம், பள்ளிக்குப் போனால் நம் பையன் பெயர்தான் கெடும் என்கிறார். இது விளையாட்டா, கொடுமையா? பள்ளியில் சொல்ல வேண்டுமா? அந்தப் பையனின் அம்மாவிடம் பேசலாமா? என் மகன் கெட்டுப்போய்விட்டானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் கடைசியாக வந்திருப்பது உங்கள் மகனைப் பற்றியது. உங்களை அதிகம் வருத்துவதும் அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆனாலும் நான் வேறொரு பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரமாகப் பள்ளிக்கு வராத அந்தப் பையன் இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் ஏன் வரவில்லை என்பது அவனுடைய ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருப்பதற்கும், இன்னும் சொல்லப்போனால் அவனைப் பெற்றவர்களுக்கே தெரியாமல் இருப்பதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு. யுனிசெஃப் அமைப்பு 2019ஆம் ஆண்டு 30 நாடுகளின் இளையோரிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், மூன்றில் ஒருவருக்கு மேல் தாம் இணையத்தில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானதாகக் கூறினர்; இணையக் கேலியாலும் வன்முறையாலும் பள்ளிக்குப் போவதைத் தவிர்த்ததாக ஐந்தில் ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் சொல்லும் காரணம் தலைவலி, வயிற்றுவலி. உண்மையான காரணத்தை அறிந்த பெரியவர்கள் இப்போதைக்கு நீங்களும் உங்கள் கணவரும் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பானது.

இணையத்தில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குத் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றன என்பதைப் பல ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த எல்லைவரை போவதில்லை. ஆனால் யார் போவார் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது என்பதால், உங்கள் மகன் மனம் மாறட்டும், கணவர் சமாதானம் ஆகட்டும் என்று காத்திருக்க இங்கே நேரம் இல்லை. பள்ளி திறக்கும் அடுத்த நாளே வகுப்பாசிரியரையோ, பள்ளியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரையோ நேரில் பாருங்கள். அந்தக் குழுவில் அந்தப் பையன் எழுதிய ஏதாவது ஒரு வரியில் சாவைப் பற்றியோ, "இனிமேல் என்னால் முடியாது" என்பது போன்றோ ஏதேனும் இருந்தால், நாளை வரைகூடப் பொறுக்காமல் அவன் பெற்றோரை அந்த நிமிடமே அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால், அந்தத் தாயிடம் நீங்களே நேராகப் பேசுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள் என்பேன். மனம் கேட்காமல்தான் பேச நினைக்கிறீர்கள், அதில் தவறில்லை. ஆனால் அவன் தன் வீட்டில் இன்னும் எதையும் சொல்லியிருக்காவிட்டால், அவனுடைய அவமானம் அவனுக்குத் தெரியாமலே ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டுவிடும். சொல்வதற்கு அவன் எந்த நாளை, எந்த ஆளைத் தேர்ந்திருப்பானோ, அந்த உரிமையும் அவன் கையைவிட்டுப் போய்விடும். பழக்கப்பட்ட ஒரு ஆசிரியர் முதலில் அவனிடம் பேசி, பிறகு அவன் பெற்றோரை அழைத்துச் சொல்வதே அவனுக்கு நல்லது. அதற்குப் பின் நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சந்திக்கலாம், அவர்கள் விரும்பினால்.

உங்கள் கணவர் சொன்னவற்றில் உடனே தடுக்க வேண்டியது அழிக்கும் யோசனையைத்தான். ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கைபேசியில் அழித்தால் மற்ற கைபேசிகளில் அது அப்படியே இருக்கும். அந்தப் பையனுக்கு ஒரு பயனும் இல்லை, நடந்ததை நிரூபிக்கும் வழி மட்டும் ஒன்று குறையும். குழுவின் பெயர், அனுப்பியவர், நாள், நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் மகனின் சிரிப்புக் குறிகள் இருக்கும் பக்கங்களையும் சேர்த்தே எடுங்கள். அவற்றை மட்டும் விட்டுவிட்டு எடுத்தால் நீங்கள் கொண்டுபோகும் சாட்சியத்தின் மதிப்பு அங்கேயே போய்விடும். அந்தக் குரல் பதிவை ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் அது இன்னொரு முறை பரவுவதுதான். கைபேசியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். (உங்கள் விஷயத்தில் இது இல்லை என்றாலும், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காக ஒன்று: பரவுவது 18 வயதுக்குக் குறைந்த ஒருவரின் ஆபாசப் படமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் பிரதி வைத்திருப்பதுமே பல நாடுகளில் குற்றம். அங்கே செய்ய வேண்டியது உடனே காவல்துறையிடமும் அந்தச் செயலியிடமும் புகார் செய்வது. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை ஒன்றும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே அதன் எண்முறை அடையாளத்தை மட்டும் உருவாக்கி, அதில் பங்கேற்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டறிந்து நீக்க அது உதவுகிறது.)

இது விளையாட்டா, கொடுமையா என்று கேட்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இடையிலான கொடுமையை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர், அதை அடையாளம் காண மூன்று கூறுகளைச் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாமை. இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வதில் மூன்றாவது கூறு இருக்காது; இன்று இவன் சொன்னால் நாளை அவன் திருப்பிச் சொல்வான். இங்கே ஒரு வகுப்பே ஒரு பக்கம், பேச்சு வராமல் தவிக்கும் ஒருவன் மறுபக்கம். நோக்கத்தைப் பற்றி உங்கள் மகன் வாதிடலாம். ஆனால் வெளியேறியவனைத் திரும்பச் சேர்த்த இடத்தில் அந்த வாதம் நிற்காது. "எனக்கு இது வேண்டாம்" என்று அவன் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? திரும்பத் திரும்ப நிகழ்வது என்ற கூறு இணையத்தில் இன்னும் கடுமையானது. பதிவை உருவாக்கியவன் ஒரு தடவைதான் உருவாக்கினான். ஆனால் அது ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும், இன்னொரு குழுவுக்குப் போகும்போதும் அந்தப் பையன் மறுபடியும் திக்குகிறான், மறுபடியும் சிரிக்கப்படுகிறான். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனாலும் அது முடிவதில்லை.

திக்குவாயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் காயம் எங்கே பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உங்கள் மகனுக்கு விளங்கும். குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஏதாவது ஒரு வயதில் திக்கல் வருகிறது, பெரும்பாலோருக்கு அது தானாகவே நீங்குகிறது, நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். அது பயத்தாலோ, அறிவுக் குறைவாலோ, வளர்ப்பாலோ வருவதல்ல. பேச்சை இயக்கும் மூளைச் செயல்பாட்டோடும் பரம்பரையோடும் தொடர்புடையது. அவசரமும் பார்வையாளர் கூட்டமும் அதை அதிகமாக்கும். திக்குபவர் சந்திக்கும் பெரிய ஆபத்து திக்கல் அல்ல, திக்குவோமோ என்று பயந்து பேசுவதையே தவிர்க்கத் தொடங்குவது. கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்காமல் இருப்பது, தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களுக்கே போகாமல் இருப்பது என்று அது வளரும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க அந்தப் பையன் அன்று எவ்வளவு துணிந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் துணிச்சலைத்தான் வெட்டி ஒட்டி இசை போட்டிருக்கிறார்கள். வாக்கெடுப்போ, அவன் அடுத்த முறை வாய் திறப்பதற்கு முன்பே அவன் தோல்வியை எண்ணத் தொடங்கியிருக்கிறது.

இனி உங்கள் மகனின் "நான் எதுவும் எழுதலையே". அது பொய் அல்ல. அவன் அதை நம்புகிறான். பின்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பறைக் கொடுமையில் செய்பவன், படுபவன் என்ற இரண்டு பேர் மட்டும் இல்லை என்று காட்டினார்கள். செய்பவனுக்குத் துணை நிற்பவர்கள், சிரித்தும் பார்த்தும் ஊக்கம் தருபவர்கள், ஒதுங்கிக்கொள்பவர்கள், படுபவனுக்காகப் பேசுபவர்கள் என்று ஏறக்குறைய வகுப்பு முழுவதற்குமே அதில் ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் மகன் இருக்கும் இடம் ஊக்கம் தருபவர்களின் இடம். பதிவை வேறு குழுவுக்கு அனுப்பிய நொடியில் அவன் துணை நிற்பவனாகவும் ஆகிவிட்டான். இதை அவன் மீது குற்றமாக மட்டும் வைக்காதீர்கள். கேலி செய்பவன் தேடுவது பெரும்பாலும் கேலிக்கு ஆளானவனின் வேதனையைவிட மற்றவர்களிடம் தனக்குக் கிடைக்கும் மதிப்பைத்தான். அந்த மதிப்பைக் கொடுத்தவர்களில் உங்கள் மகனும் ஒருவன் என்றால், அதை நிறுத்திக்கொள்ளும் வலிமையும் அவனிடம் இருக்கிறது. 'கிவா' என்ற பெயரில் டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்த திட்டம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: கொடுமை செய்பவனை மட்டும் திருத்த முயலாமல், பார்த்துக்கொண்டிருப்பவர்களின் போக்கை மாற்றுவது.

அவனோடு பேசும்போது அறிவுரையைத் தள்ளி வைத்துவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொல்லக் கேளுங்கள். முதல் பதிவு வந்தபோது எங்கே இருந்தாய், என்ன தோன்றியது, சிரிப்புக் குறி போடுவதற்கு முன் ஒரு நொடியாவது தயங்கினாயா, அவன் குழுவை விட்டுப் போனபோது யார் முதலில் பேசினார்கள், திரும்பச் சேர்த்தவன் யார், அப்போது நீ என்ன நினைத்தாய் என்று ஒவ்வொன்றாக. விடை வர நேரம் ஆகும், காத்திருங்கள். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாதபோது, பதில் உடனே வராதபோது மனிதர்கள் நேரில் செய்யத் துணியாததை இணையத்தில் செய்துவிடுகிறார்கள் என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் விரிவாக எழுதினார். அந்தப் பையன் உங்கள் மகனுக்கு எதிரில் உட்கார்ந்து அழுதிருந்தால் அவன் சிரித்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஆகவே உங்கள் மகன் போட்டவை அந்தப் பையனின் கைபேசியில் எந்த வரிசையில், இரவு எத்தனை மணிக்கு வந்து விழுந்திருக்கும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். முகத்தை நினைவில் கொண்டுவருவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்க மறக்காதீர்கள்: "நீ சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" அடுத்த ஸ்டிக்கர் என் முகமாக இருந்திருக்கும் என்று அவன் சொன்னால், அதை நம்புங்கள். இந்த வயதில் கூட்டத்தோடு சிரிப்பவர்களில் பலர் பயந்துதான் சிரிக்கிறார்கள். ஏற்கெனவே வேறு ஏதாவது குழுவில் அவனே கேலிக்கு ஆளாகியிருக்கிறானா என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் படுபவன் இன்னோரிடத்தில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது அபூர்வமல்ல. பயம் அவன் செய்ததை நியாயமாக்கிவிடாது. ஆனால் அடுத்த முறை அவன் எதைச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பதை அது உங்களுக்குச் சொல்லும்.

கைபேசியைப் பறிப்பதைப் பற்றி உங்கள் கணவருக்கு. அவருடைய கோபம் நியாயமானது. எதுவும் நடக்காதது போல மறுநாள் கைபேசியைக் கொடுப்பதும் சரியல்ல. ஆனால் முற்றாகப் பறிப்பதற்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் யூவோனென், கிராஸ் என்ற இருவர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இணையக் கேலிக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் எந்தப் பெரியவரிடமும் அதைச் சொல்லவில்லை. பெற்றோர் இணையத்தைத் தடுத்துவிடுவார்கள் என்ற பயம் அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உங்கள் மகன் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டான். அதற்குக் கிடைத்த பலன் கைபேசி போனது மட்டும்தான் என்றால், நாளை அவனுக்கே ஒன்று நடக்கும்போது உங்களிடம் வர மாட்டான். சில வாரங்களுக்கு இரவில் கைபேசி உங்கள் அறையில் இருக்கட்டும், குழுக்களைப் பற்றி அவ்வப்போது அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவனுக்குத் தெரியாமல் உளவு பார்க்காதீர்கள்.

அவன் சரிசெய்ய வேண்டியவையும் அந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. சாட்சியம் எடுத்தாகிவிட்ட பிறகு, பதிவை அனுப்பிய விளையாட்டுக் குழுவில் "நான் அனுப்பியது தவறு, எல்லோரும் அழித்துவிடுங்கள், யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்" என்று அவனே எழுத வேண்டும். அந்தப் பையனின் பெயரையோ காரணத்தையோ அதில் எழுத வேண்டாம். வகுப்புக் குழுவில் வீரவசனம் பேச அவனைத் தூண்டாதீர்கள். அது இன்னொரு சுற்றுக் கேலிக்கு விறகாகும். தனக்கு நெருக்கமான ஓரிருவரிடம் தனியாக, "நான் இனிமேல் இதற்குச் சிரிக்கப் போவதில்லை, நீயும் நிறுத்து" என்று சொன்னால் போதும். தனியாகப் பேசினால் கேட்டுக்கொள்கிற பையன்கள் கூட்டத்தில் கேட்க மாட்டார்கள். அந்தக் குழுவிலிருந்து எப்போது வெளியேறுவது என்பதைப் பள்ளியோடு பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளிக்குப் போனால் பெயர் கெடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்டனை வரலாம்; வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வந்தால் அவன் அதை ஏற்கட்டும். ஆனால் இப்படிப்பட்ட குழுக்கள் ரகசியமாகவே நிலைப்பதில்லை. இன்னொரு பெற்றோர் வழியாகவோ அந்தப் பையனின் வீட்டு வழியாகவோ அது வெளியே வரும் நாளில், தானாக வந்து சொன்னவன் என்ற நிலையும், கண்டுபிடிக்கப்பட்டவன் என்ற நிலையும் ஒன்றாக இருக்காது. அதைவிட முக்கியம், தன் அப்பா எதற்காக மௌனமாக இருந்தார் என்பதை உங்கள் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது.

ஆசிரியரைச் சந்திக்கும்போது யார் யாரைத் தண்டிக்கப் போகிறீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் திரும்பி வரும் முதல் நாளில் அவனோடு யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். 'கிவா' திட்டத்தில், பாதிக்கப்பட்டவனுக்கு ஆதரவாக இருக்க வகுப்பில் நல்ல மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பேரைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள். அதற்கு எந்த நிதியும் கருவியும் தேவையில்லை. தன்னைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை வாட்ஸ்அப் அமைப்புகளில் கட்டுப்படுத்த முடியும் என்பதை அவனுக்கு ஆசிரியர் காட்டித் தரலாம். அவனை வேறு பிரிவுக்கு மாற்றுவதும், காலைக் கூட்டத்தில் திக்குவாயைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதும் வேண்டவே வேண்டாம். முதலாவது தண்டனையை அவனுக்கே கொடுக்கிறது, இரண்டாவது பள்ளி முழுவதையும் அவனைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கைகுலுக்க வைக்கும் சமரசமும் இங்கே பொருந்தாது. சமமானவர்களின் சண்டைக்குத்தான் அது உதவும். ஒருவனை ஒரு வகுப்பே சேர்ந்து வதைத்த இடத்தில், "பரவாயில்லை" என்று சொல்லும் கட்டாயத்தை அவன் தலையில்தான் அது ஏற்றும்.

மன்னிப்புக் கடிதத்துக்கும் இதே எச்சரிக்கை. உங்கள் மகன் எழுதட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காமல். "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கினால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். தான் செய்த மூன்றையும், அதாவது சிரித்ததையும் வாக்குப் போட்டதையும் அனுப்பியதையும், பெயர் சொல்லி எழுத வேண்டும். அதைச் சரிசெய்ய என்ன செய்திருக்கிறான் என்பதும் இருக்கட்டும். மன்னித்துவிடு என்ற வேண்டுகோளோ, பதில் எழுது என்ற எதிர்பார்ப்போ அதில் இருக்கக் கூடாது. அதை ஆசிரியரிடம் கொடுங்கள். அந்தப் பையன் வேண்டும் என்று சொன்னால் மட்டும் அது அவன் கைக்குப் போகட்டும்.

உங்கள் மகன் கெட்டுப்போய்விட்டானா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதும் ஒத்துக்கொண்டு அழுத ஒரு 14 வயதுப் பையனை அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. அவன் ஒரு கெட்ட காரியத்தில் பங்கெடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த அழுகை அகப்பட்டுக்கொண்டதற்காகவா, அந்தப் பையனுக்காகவா என்பது இப்போது தெரியாது. இனி வரும் வாரங்களில் யாரும் கேட்காமலே அந்தப் பையனைப் பற்றி அவன் விசாரிக்கிறானா என்று கவனியுங்கள். நாளை பள்ளிக்கு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே போங்கள். முதலில் நீங்கள் இருவரும் ஆசிரியரிடம் பேசிவிட்டு, பிறகு மகனை உள்ளே அழைத்து, அவன் பங்கை அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள். அவன் தடுமாறினாலும் நீங்கள் குறுக்கிட்டு முடித்துவைக்க வேண்டாம்.